ரொட்டி அடுப்பில் வைத்த எஃகு

அவரைப் பட்டறையில் எல்லாரும் டிகிரி என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். எதையும் டிகிரியில் சொல்லுவார், அதனால் வந்த பெயர். டீ ஆறிப்போயிருந்தால், "ஐம்பது டிகிரிகூட இல்லை இது" என்பார். வெயிலில் நின்ற பஸ்ஸில் ஏறினால் இருக்கையைத் தொட்டுப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லுவார். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்து அதற்கும் ஓர் எண். அது மட்டும் பெரும்பாலும் தப்பாக இருக்கும். எண்ணூறு டிகிரியைக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவருக்கு உடம்புச் சூடு பிடிபடவேயில்லை என்று மனைவி சிரிப்பார்.

மகளுக்கு வரன் தேடியபோது இந்தப் பெயர் ஒரு கூத்தை உண்டாக்கியது. தரகர் பேக்கரிக்காரர் வீட்டில் போய், "பொண்ணோட அப்பாவை எல்லாரும் டிகிரின்னுதான் சொல்றாங்க" என்று சொல்லிவைக்க, எட்டாவது வரை படித்த பேக்கரிக்காரர் மிரண்டுபோய்ப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பேச்சுக்குப் பேச்சு "நீங்க படிச்சவங்க" என்றார். விஷயம் வெளியே வந்தபோது கல்யாணமே முடிந்திருந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சம்பந்திகள் என்பதைவிடக் கூட்டாளிகள் என்றே சொல்லலாம் என்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள். விடுமுறை நாட்களில் டிகிரி பேக்கரிக்குப் போய் அடுப்பு வாயருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். வேலையும் அடுப்பு, ஓய்வும் அடுப்பா என்று மகள் கேலி செய்வாள்.

அந்தப் போக்குவரத்தெல்லாம் நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. நின்றது இப்படித்தான்: ஒரு நாள் பகலில் மகள் ஒரே ஒரு பையோடு வீட்டுக்கு வந்தாள். இனிமேல் அங்கே போகப் போவதில்லை என்றாள். அடித்தானா என்று அம்மா கேட்டாள். இல்லை. குடிக்கிறானா? இல்லை. மாமியார் ஏதாவது சொன்னாளா? அவங்க நல்லவங்கம்மா. வேறு யாராவது பெண்ணோடு... அதெல்லாம் இல்லை, விடுங்க. சித்தி வந்து கேட்டாள், பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்டாள். எல்லாருக்கும் அதே பதில்தான். அழவும் இல்லை. அடுத்த வாரமே ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் போனாள், மாலையில் வந்தாள், அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தாள். டிகிரி ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஏதோ சொல்ல வருகிறவள் மாதிரி இருந்தது. பிறகு, "சொல்லத் தெரியலப்பா" என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கத் தெரியவில்லை.

அவருடைய வேலையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருந்த அந்தப் பட்டறை சொந்தமாக எதையும் செய்து விற்பதில்லை. மற்றவர்கள் கடைந்து கொண்டுவரும் எஃகுச் சாமான்களைச் சூடேற்றிப் பதப்படுத்திக் கொடுப்பதுதான் அதன் தொழில். பற்சக்கரம், தண்டு, வெட்டுக்கத்தி, தகட்டை வெட்டும் அச்சான டை என்று வரும். வரும்போது அவை மிருதுவானவை. அரத்தால் ராவினால் தூள் கொட்டும். உலையில் வைத்துச் செக்கச்செவேல் என்று பழுக்கவிட்டு எண்ணெயில் முக்கி எடுத்தால் அதே அரம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் அது கண்ணாடியின் கடினம். கைதவறி விழுந்தால் உடையும். சில சமயம் விழாமலேயே உடையும். அதனால் முக்கி எடுத்த கையோடு, கைபொறுக்கும் சூடு மிச்சமிருக்கும்போதே, இன்னொரு உலையில் இருநூறு டிகிரி வாக்கில் சில மணி நேரம் வைக்க வேண்டும். அதற்கு டெம்பர் போடுவது என்று பெயர். கடினம் துளி குறையும். அடிதாங்கும் சக்தி வந்து சேரும்.

இது ஏன் என்று அவருக்குக் காட்டியவர் பட்டறையின் சோதனை அறையில் இருந்த பெண்மணி. உலோகவியல் படித்தவர், லேப் மேடம் என்பார்கள். ஓய்ந்த பொழுதுகளில் டிகிரியை அழைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுவார். முக்கி எடுத்த துண்டை அறுத்து, கண்ணாடிபோல மெருகேற்றி, அமிலம் தடவிப் பார்த்தால் உள்ளே ஊசி ஊசியாகத் தெரியும். ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, மூச்சுவிட இடமில்லாமல். சூட்டில் இரும்புக்குள் கரைந்த கார்பன், திடீரென்று குளிர்ந்ததும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது என்றார் மேடம். அந்த நெருக்கல்தான் கடினம். டெம்பர் போட்டால் அது கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்துகொள்ளும். போடாமல் விட்டால்? உள்ளே மாறாமல் மிச்சமிருப்பதும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும், மாறும்போது பருக்கும், நெருக்கல் இன்னும் கூடும் என்றார். டிகிரி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெயில் முக்கும்போது தொட்டிக்குள் கேட்கும் சத்தத்துக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தம் இருப்பது அவருக்குப் புரிந்தது. 

மகள் வந்து எட்டு மாதமாகியிருந்த ஒரு நாள், ஒரு டைக்காரருடைய சரக்கு உலையில் இருந்தது. டைக்காரர் ஒல்லியான மனிதர், நாற்பதைத் தாண்டாதவர். ஒற்றை ஆளாக ஒரு சிறு கடைசல் பட்டறை நடத்திவந்தார். கதவுக் கீல் செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து அவருக்கு முதல்முறையாகப் பெரிய வேலை கிடைத்திருந்தது. தகட்டை அழுத்திக் கீல் வடிவத்தில் வெட்டும் டைகள், பெரிதும் சிறிதுமாகப் பன்னிரண்டு. கார்பனும் மாங்கனீசும் கொஞ்சம் குரோமியமும் கலந்த நல்ல எஃகு. மாதக்கணக்கில் கடைந்திருந்தார். பழைய துண்டுகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றித் தன் வேனில் கொண்டுவந்து இறக்கியபோது, "பார்த்துப் பண்ணிக் கொடுங்கண்ணே" என்றார். டிகிரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். வேலைப்பாடு சுத்தமாக இருந்தது. ஆனால் மூலைகள் கூராக இருந்தன, ஓட்டைகள் ஓரத்தை ஒட்டி இருந்தன. விரிசல் பிடித்தால் அங்கேதான் பிடிக்கும். கீலின் வடிவம் அப்படி; டைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை.

பழுக்கவைத்ததும் முக்கியதும் நன்றாகவே நடந்தன. எடுத்துக் கழுவி, இரும்பு மேசையில் வரிசையாக வைத்தாயிற்று. பட்டறைக்குக் கிடைத்திருந்த மின்சாரத்தில் இரண்டு பெரிய உலைகளையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. முதலாவதை அணைத்துவிட்டுத்தான் டெம்பர் உலையைப் போட வேண்டும். வருஷக்கணக்காக அப்படித்தான் செய்துவந்தார்கள், ஒன்றும் ஆனதில்லை. டெம்பர் உலையைப் போட்டுவிட்டு டிகிரி கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உலைக்குள் சுற்றும் விசிறியின் சத்தம் இறங்கிக்கொண்டே போய் நின்றது. முள் அப்போதுதான் அறுபதைத் தொட்டிருந்தது.

தெருமுனையில் டிரான்ஸ்பார்மரிலிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது. டிகிரி அதுவரை நடந்துபோய்ப் பார்த்தார். மேலே ஏறி நின்ற லைன்மேன், முழுசாகப் போய்விட்டது, புதுசுதான் மாட்ட வேண்டும், நாளைக்கு வந்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பட்டறையில் ஜெனரேட்டர் இருந்தது. விளக்குக்கும் எண்ணெய் பம்புக்கும் மட்டும் தாங்கும். உலைக்குக் கொடுத்தால் இருமிவிட்டு நின்றுபோகும்.

திரும்பி வந்தபோது டைக்காரர் மேசைப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சரக்கை வாங்கிப்போக முன்கூட்டியே வந்துவிட்டார்.

"கரண்ட் வர்ற வரைக்கும் இப்படியே இருந்தா என்னண்ணே?"

"ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம்" என்றார் டிகிரி.

மேற்கொண்டு சொல்வதற்குள் மேசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ விரல் சொடுக்கினாற்போல. பெரிய சத்தமே இல்லை. டைக்காரர் யாரோ பின்னால் நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார். டிகிரி திரும்பவில்லை. விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு டையாக மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு வந்தார். நாலாவதில், வெள்ளைப் பொடிக்கு நடுவே, ஓட்டையிலிருந்து மூலைவரை மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு ஊறி எழுந்தது. டைக்காரர் குனிந்து அதைப் பார்த்தார். கோட்டின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை.

"இதை ஒட்டவைக்க முடியாதா?"

டிகிரி தலையை ஆட்டினார்.

மீதியைப் பீங்கான் பஞ்சுப் போர்வையால் மூடினார்கள். சூடு போகாமல் இருக்கும்வரை நல்லது. மற்ற பட்டறைகளுக்குப் போன் போட்டார்கள். தொழிற்பேட்டை முழுக்க இருட்டு. ஊரின் அந்தக் கோடியில் இருந்த பட்டறையில் மின்சாரம் இருந்தது. ஆனால் உலை நிறைய அவர்களுடைய சரக்கு, சாயங்காலம்வரை திறக்க முடியாது என்றார்கள். கேன்டீன் அடுப்பில் அண்டாவை வைத்து எண்ணெயைக் காய்ச்சி அதில் போடலாமா என்று ஒருவர் கேட்டார். எண்ணெய் இருநூறு டிகிரியில் தீப்பிடித்தால் டையோடு சேர்ந்து நாமும் போய்விடுவோம் என்றார் டிகிரி. முதலாளி வெளியூரில் இருந்தார். போனில் அவர் சொன்னதெல்லாம், "ஏதாவது பண்ணுங்க, ஏதாவது பண்ணுங்க" என்பதுதான்.

போர்வைக்குள் இன்னொரு சொடுக்கு.

டைக்காரர்தான் கேட்டார். "இருநூறு டிகிரிதானேண்ணே. ரொட்டி சுடுற அடுப்புல அவ்வளவு இருக்காதா? விறகு அடுப்புன்னா கரண்ட்டும் வேண்டாம்."

அவருக்கு எதுவும் தெரியாது. சும்மா தோன்றியதைச் சொன்னார். டிகிரிக்கோ விசிறி நின்ற கணமே அந்த அடுப்பு மனதில் வந்துவிட்டது. செங்கல் வளைவு, கரி படிந்த இரும்புக் கதவு, உள்ளே எட்டடி நீளத் தரை. இந்தப் பன்னிரண்டும் தாராளமாகக் கொள்ளும். வந்ததை அப்படியே அமுக்கிவிட்டு மற்ற இடங்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது அது இன்னொருவர் வாயிலிருந்து வந்துவிட்டது. போர்வையை ஒரு கையால் அழுத்திக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு" என்றார். "வண்டியைத் திருப்பு."

வேனின் பின்பக்கத்தில் டைகளோடு அவரும் உட்கார்ந்துகொண்டார். போர்வையின்மேல் கை வைத்தபடியே வந்தார். சாலை நன்றாகத்தான் இருந்தது. டைக்காரர் முட்டையை ஏற்றிக்கொண்டு போகிறவர் மாதிரி ஓட்டினார். அப்படியும், ஒரு சிக்னலில் வண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தபோது, அவருடைய உள்ளங்கைக்குக் கீழே ஒன்று சொடுக்கியது. சத்தத்தைவிட அந்த அதிர்வு துல்லியமாகத் தெரிந்தது. எந்த டை என்றுகூடச் சொல்லிவிடுவார். என்ன சத்தம் என்று முன்னாலிருந்து டைக்காரர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. நீ ஓட்டு."

பேக்கரிக்காரர் கடைவாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வேனிலிருந்து இறங்குவது யார் என்று தெரிந்ததும் எழுந்தார். எட்டு மாதத்தில் நன்றாக இளைத்திருந்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி, வாங்க" என்றவர், உள்ளே திரும்பி, "இங்க பாரு, யார் வந்திருக்காங்கன்னு" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் டிகிரிக்கு அங்கேயே நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை போல இருந்தது. பேக்கரிக்காரரின் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தார். டிகிரியிடம் வாங்க என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால், வேனுக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே டைக்காரர் மட்டும்தான் இருந்தார்.

"பொண்ணு வரல" என்றார் டிகிரி. "நான் வேற விஷயமா வந்தேன். அடுப்பு வேணும் சம்பந்தி. இரும்பு வைக்கணும்."

விஷயத்தைச் சொன்னார். பேக்கரிக்காரர் முகத்தில் வந்த வெளிச்சம் மெல்ல உள்ளே போனது; அவ்வளவுதான். கேட்டு முடித்ததும் நேராக அடுப்பறைக்கு நடந்தார். மேசை நிறையத் தகர அச்சுகளில் சாயங்காலத்து ரொட்டிக்கான மாவு பொங்கி விளிம்பைத் தொட்டு நின்றது. இன்னும் கால்மணியில் அடுப்பில் ஏற வேண்டியது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அச்சுகளை ஓரத்துக்குத் தள்ளச் சொன்னார் வேலையாட்களிடம். அவர்கள் முதலாளிக்கு என்ன ஆயிற்று என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுப்புக்குள் கொஞ்சம் மாவை வீசிப் பார்த்தார் பேக்கரிக்காரர். அது சிவந்த வேகத்தை வைத்து, "பன் சூடு இருக்கு. இருநூத்திப் பத்து, இருபது" என்றார். டிகிரி தன் பையிலிருந்த வெப்பமானியின் கம்பியை உள்ளே நீட்டினார். இருநூற்றுப் பதினான்கு காட்டியது. வேறு நாளாக இருந்திருந்தால் அதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

குளிர்ந்த இரும்பைச் சுடுகிற தரையில் நேராக வைத்தால் அடிப்பக்கம் மட்டும் விரியும். அதுவே போதும் பிளந்துவிட. அதனால் செங்கல்லை முட்டுக்கொடுத்துத் தட்டுகளை அதன்மேல் வைக்க வேண்டும், கதவைத் திறந்துவைத்துச் சூட்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மெதுவாக ஏற்ற வேண்டும். டிகிரி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை உள்ளே வந்தான். சாக்குக் கையுறையை மாட்டியிருந்தான். யாரையும் பார்க்காமல் வேனுக்குப் போய், முதல் டையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிவந்தான். வைக்கும்போது துளிச் சத்தம்கூட இல்லாமல் வைத்தான். அடுத்ததற்குப் போனான். டைக்காரர் ஒரு பக்கம் பிடிக்கப் போனபோது, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தான். கனமானவற்றையும் அவன் ஒருவனே சுமந்தான். கடைசித் தட்டை நீண்ட கட்டையால் உள்ளே தள்ளிவிட்டுக் கையுறையைக் கழற்றினான்.

"எவ்வளவு நேரம் வைக்கணும் மாமா?"

"ரெண்டு மணி நேரமாவது" என்றார் டிகிரி. இன்னும் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் அவன் விறகு எடுக்கப் பின்கட்டுக்குப் போய்விட்டான்.

சம்பந்திகள் இருவரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். டைக்காரரால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். பேக்கரிக்காரரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். முதல் சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து மழுங்கி வந்தது. டைக்காரர் நடை நின்றது. டிகிரி கையைத் தூக்கி, பொறு என்பதுபோலக் காட்டினார். எதற்குப் பொறுக்கச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. கதவைத் திறந்தால் குளிர்காற்று அடிக்கும், இன்னும் இரண்டு போகும். திறக்காவிட்டால் போகிறது போய்க்கொண்டிருக்கும்.

"உள்ள சூடுதானே ஏறுது. இப்பவுமா உடையும்?" என்றார் பேக்கரிக்காரர் தணிந்த குரலில்.

"ஏறும்போதும் உடையும். ஏற்கெனவே பொறுத்துக்கிட்டு இருந்தது."

பிறகு பேக்கரிக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பொண்ணு ஏதாவது சொல்லுச்சா சம்பந்தி?"

"இல்ல."

"இவனும் வாயைத் திறக்க மாட்டேங்கிறான். நான் கத்திப் பார்த்தேன், இவ அழுது பார்த்தா. என்ன தப்பு நடந்துச்சு, சொல்லுடா, கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரேன்னேன். ஒண்ணும் நடக்கலப்பாங்கிறான்."

"அவளும் அதையேதான் சொல்றா."

"ஒண்ணும் நடக்காமலா?"

மறுபடியும் ஒரு சொடுக்கு. இந்த முறை கொஞ்சம் பெரியது. பெரிய டையாக இருக்க வேண்டும். பேக்கரிக்காரர் தன்னையறியாமல் அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுக்கவில்லை. பின்கட்டில் மாப்பிள்ளை விறகு பிளக்கும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஓரமாகத் தள்ளிவைத்த அச்சுகளில் மாவு பொங்கிப் பொங்கி, வழிந்து, பிறகு நடுவில் குழிவிழுந்து அமுங்கியது. அதை இருவரும் பார்த்தார்கள். இப்போது அதற்குச் செய்ய ஒன்றுமில்லை.

நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து தட்டுகளை இழுத்தார்கள். நன்றாக ஆறவிட்டு, பின்கட்டில் சாக்கை விரித்து, மண்ணெண்ணெயும் சாக்பீஸுமாக டிகிரி ஒவ்வொன்றையும் பார்த்தார். கறுப்புக் கோடு, கறுப்புக் கோடு. பெரிய டை இரண்டாகவே பிளந்திருந்தது. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், சர்க்கரைப் பொருக்குப்போல மின்னியது. கடைசியில் மூன்று தேறின. மூன்றும் சின்னவை. டைக்காரர் அந்த மூன்றையும் பழைய துண்டில் சுற்றினார். உடைந்தவற்றையும் விடாமல் ஒவ்வொன்றாகச் சுற்றினார். அவை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. "நீங்க என்னண்ணே பண்ணுவீங்க" என்று அவரே சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். திட்டியிருந்தால் டிகிரிக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வீணான மாவை என்ன செய்வீர்கள் என்று கிளம்பும்போது பேக்கரிக்காரரிடம் கேட்டார். அது கிடக்கட்டும் என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சமையலறையில் மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பேசப்பேசக் குழாயின் சத்தம் குறைந்தது. மனைவி எழுந்து போன பிறகு அவள் வாசற்படிவரை வந்து நின்றாள்.

"அவர் இருந்தாராப்பா?"

"இருந்தாரு. எல்லாத்தையும் அவர்தான் தூக்கி வெச்சாரு."

"ஏதாவது பேசினாரா?"

"எவ்வளவு நேரம் வைக்கணும்னு கேட்டாரு."

அவள் தலையை ஆட்டினாள். வேறு எதையோ எதிர்பார்த்த முகமாகவும் இல்லை, இதைத்தான் எதிர்பார்த்தேன் என்கிற முகமாகவும் இல்லை. கண் கலங்கியிருந்ததோ, கழுவும்போது தெறித்த தண்ணீரோ, அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "சாப்பிடுங்கப்பா, ஆறிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் லேப் மேடம், டைக்காரரிடம் கேட்டு வாங்கிவந்த உடைந்த துண்டு ஒன்றை அறுத்து மெருகேற்றிப் பார்த்தார். டிகிரியையும் கூப்பிட்டார். ஊசிகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு வளைந்து வளைந்து போனது. பழுத்த சூட்டில் எஃகு மணி மணியாகக் கூடியிருந்தது, அந்த மணிகளின் ஓரம் பிடித்தே விரிசல் ஓடியிருக்கிறது என்றார் மேடம். ஆரம்பித்தது ஓட்டையின் விளிம்பில். எண்ணெயில் முக்கியபோதே பிடித்திருக்குமா, பிறகுதானா என்று டிகிரி கேட்டார். மேடம் நெடுநேரம் கண்ணை வைத்துப் பார்த்தார். எங்கே, எந்த வழியாக என்று சொல்லலாம், எப்போது என்று இதில் தெரியாது என்றார். கரண்ட் போகாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்றும் கேட்டார் டிகிரி. பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல மேடம் விளக்கை அணைத்தார்.

புதிதாகக் கடைந்து கொண்டுவந்தால் கூலி வாங்காமல் பதப்படுத்திக் கொடுப்பதாக முதலாளி சொன்னார். ஆனால் கீல் கம்பெனி காத்திருக்கவில்லை. வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. டைக்காரர் பழையபடி சில்லறை வேலைகளுக்குத் திரும்பினார். பட்டறைக்கு வரும்போதெல்லாம் டிகிரியோடு டீ குடித்துவிட்டுத்தான் போவார். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. டெம்பர் உலை சூடேறி முள் நிலைத்து நிற்கும்வரை டிகிரி இப்போதெல்லாம் எதையும் எண்ணெயில் முக்குவதில்லை. அதற்குள் முதல் உலையின் சூடு இறங்கிவிடுகிறது, மறுபடி ஏற்ற வேண்டியிருக்கிறது, வேலை பாதியாகிவிட்டது என்று மேற்பார்வையாளர் முணுமுணுக்கிறார். கரண்ட் போனால் அதுவும் உதவாது என்பது டிகிரிக்கும் தெரியும்.

மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்தே விவாகரத்துக்கு மனுப் போட்டார்கள். இரண்டு பேருக்கும் சம்மதம் என்பதால் இழுபறி எதுவும் இல்லை. கடைசி நாளன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சில் இரண்டு அப்பாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருவரிடமும் தனித்தனியாக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தான் வந்தீர்களா என்று கேட்டார்களாம். ஆமாம் என்றார்களாம். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்தபோது மகளுடைய துப்பட்டா கதவின் கொண்டியில் மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளை அதை எடுத்துவிட்டான். அவள் ஏதோ சொன்னாள், அவன் தலையசைத்தான். பிறகு அவன் ஒரு பக்கப் படியிலும் அவள் இன்னொரு பக்கப் படியிலும் இறங்கினார்கள்.

பேக்கரிக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப வரேன் சம்ப..." என்றவர் பாதியில் நிறுத்தினார். வேறு வார்த்தை தேடுகிறவர்போல டிகிரியின் முகத்தைப் பார்த்தார். டிகிரிக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு பேக்கரிக்காரர் அவருடைய கையைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டு, மகன் போன பக்கம் இறங்கிப் போனார்.

டிகிரிக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். மகளைக் கண்ணாடிக் கடைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பட்டறைக்கு நடந்தார்.